படுத்த மேனிக்கு

கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் சரி, அவர் முதலில் பார்ப்பது மாடிப்படியைத்தான். மாப்பிள்ளை, பொண்ணு எல்லாம் அப்புறம். படியின் அகலத்தைப் பார்ப்பார். திருப்பத்தைப் பார்ப்பார். தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசிப்பார். பிறகு வீட்டுக்காரர் தோளில் கையைப் போட்டு, ரொம்பப் பிரியமாகக் கேட்பார்:

“வூடு சோக்கா கீது நைனா. பொணம் திரும்புமா?”

ராயபுரத்தில் அவரை விசேஷத்துக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் சண்டையே நடக்கும். கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. துறைமுகத்தை ஒட்டி ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர். விசைப்படகுக்கெல்லாம் அவர் ஐஸ்தான். அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவர் ஐஸ்தான். கம்பெனிக்கு முதலாளி ஆவதற்கு முன்னால், வாலிப வயதில், அவரே சாக்கில் சுற்றிய ஐஸ் பாரைத் தோளில் வைத்து எத்தனையோ மாடி ஏறியிருக்கிறார். ஒரு வீட்டை நாமெல்லாம் முதல்முதலாகப் பார்ப்பது பால் காய்ச்சுகிற நாளில். அவர் பார்த்தது அங்கே ஒருவர் செத்த நாளில். அதனால் அவர் கண்ணுக்கு வீடு அப்படித்தான் தெரிந்தது. உள்ளே வருகிற வழி அவருக்கு முக்கியமில்லை.

ஊரே அவரை நைனா என்றது. நானும்.

அவரைச் சந்தித்த காலத்தில் நான் கழுத்தில் டை கட்டியிருந்தேன். ராயபுரத்தில், மே மாதத்தில், மீன் வாடைக்கு நடுவே டை. கூடையோடு போகிற பெண்கள் நின்று பார்த்து, “இன்னா தம்பி, யாரு உன்ன கட்டி வெச்சிட்டுப் போய்ட்டாங்க?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். கடற்கரைச் சாலையில் மூடிக் கிடந்த பழைய குடோன் நிலத்தில் வரப்போகிற இரண்டு வானளாவிய கோபுரங்களை விற்பது என் வேலை. வரப்போகிற என்பதை அடிக்கோடிட வேண்டும். அன்றைக்கு அங்கே இருந்தவை ஒரு தகர வேலி, சில எருமைகள், ஏசி போட்ட விற்பனை அலுவலகம், அதற்குள் நான்.

அலுவலகத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பொம்மைக் கோபுரங்கள். இடது பக்கம் கிளாசிக்: தூண், வளைவு, தூணின் தலையில் இலையும் பூவும், பால்கனிக்குக் குண்டு குண்டாகக் கைப்பிடி, உச்சியில் ஒரு கவிழ்த்த கிண்ணம். வலது பக்கம் மாடர்ன்: உச்சி முதல் அடி வரை கண்ணாடி, ஒரு அலங்காரம் கிடையாது. உள்ளே இரண்டிலும் அதே ஹால், அதே சமையலறை, அதே கக்கூஸ். சட்டைதான் வேறு. வருகிறவர்களிடம் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “சார், நீங்க கிளாசிக்கா, மாடர்னா?”

நாளாக ஆக ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். யானைக்கவுனிப் பக்கமிருந்து மொத்தக் குடும்பமும் ஒரே வேனில் வந்து இறங்கினால் கிளாசிக். தூணைப் பார்த்ததும் பெரியவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். வெளிநாட்டு மகன் சொல்லி வருகிற அப்பா அம்மா என்றால் மாடர்ன். அவ்வளவு கண்ணாடியையும் யார் துடைப்பது என்று அந்த அம்மா கவலைப்படுவார். புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு இன்னொன்று என்றால் நான் காபியை வைத்துவிட்டு எருமைகளோடு போய் நின்றுகொள்வேன். எனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இருந்தவனுக்கு இரண்டுமே பிடித்துத்தான் இருந்தது.

நைனா என் கேள்விக்கே இடம் கொடுக்கவில்லை. முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது, பின்னாலேயே லுங்கி கட்டிய இரண்டு பேர் ஒரு நீளமான பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பளிங்குத் தரையெல்லாம் மரத்தூளும் தண்ணீரும்.

“சார், இது என்ன சார்?”

“பலக.”

“அது தெரியுது சார். எதுக்கு?”

“உன் லிஃப்டு எங்க கீது? உள்ள வெச்சிப் பாக்கணும்.”

“லிஃப்டு இன்னும் வரல சார். பில்டிங்கே வரல.”

“அப்ப அளவச் சொல்லு. தரைல கோடு போடு.”

சாக்பீஸ் எடுத்துக் கோடு போட்டேன். கிளாசிக் லிஃப்டு சதுரமானது. பித்தளைக் கம்பிக் கதவு, உள்ளே கண்ணாடி, உட்கார ஒரு வெல்வெட் பெஞ்சு. மாடர்ன் லிஃப்டு வட்டமானது. கண்ணாடிக் குழாய், போகும்போதே கடல் தெரியும். என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே கட்டடக்கலை ஓவியம் அதுதான். பலகை இரண்டிலும் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. நைனாவுக்கு ஒரு சந்தேகம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையைத் தள்ளிவிட்டு, தானே படுத்துப் பார்த்தார்.

“கிளாசிக்ல முட்டிய மடக்கணும். மாடர்ன்ல மண்ட இடிக்குது.”

“பின்னாடி சர்வீஸ் லிஃப்டு ஒண்ணு இருக்கு சார். பெருசு. ஸ்ட்ரெச்சரே போகும்.”

“அதுல இன்னா எறங்கும்?”

“சாமான் சார். பீரோ, கட்டில், சிலிண்டர்…”

“அப்பால?”

“குப்பை.”

எழுந்து உட்கார்ந்தார். முதுகில் சாக்பீஸ் கோடு ஒட்டியிருந்தது. “எம் பொஞ்சாதி குப்ப எறங்குற வயில எறங்கணுமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

அது ஐஸ் பலகை. சாவு வீட்டில் ஐஸ் பாரை வரிசையாக அடுக்கி, அதன்மேல் இந்தப் பலகையைப் போட்டு உடம்பைக் கிடத்துவார்கள். தூக்குகிறபோது பலகையோடு தூக்குவார்கள். ராயபுரத்தில் பாதிப் பேர் அதில் படுத்திருக்கிறார்கள் என்று பலகை தூக்கி வந்தவர்களில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். நான் டீ வாங்கி வரச் சொன்னேன். அந்த டீயைக் குடித்துக்கொண்டே நைனா தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

அண்ணன் தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீட்டில், நாலாவது மாடியில் இருந்தார். அங்கேயே செத்தார். படித் திருப்பத்தில் பலகை திரும்பவில்லை. அவிழ்த்து, இரண்டு அக்குளிலும் ஆள் கொடுத்து, நிற்க வைத்து இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் தலை முன்னால் விழுந்தது. கீழேயிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்த ஒரு பொம்பளை ஒதுங்கி நின்று, “த்தூ, காலீலயே ஊத்திகினு வந்துட்டானா?” என்றாள்.

“எங்கண்ணன் சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்ல” என்றார் நைனா. “அவளச் சொல்லியும் குத்தமில்ல. அவ பாத்தது அப்டி. நின்னுகினு வந்தா அப்டித்தான் தெரியும்.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எம் பொஞ்சாதி படுத்த மேனிக்குத்தான் எறங்கணும். வாசல் வயியா. அவ்ளோதான். நீ கிளாசிக்க வித்தாலும் சரி, மாடர்ன வித்தாலும் சரி.”

அவர் மனைவிக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஐஸ் கம்பெனிக்கு மேலேயே மூன்றாவது மாடியில் வீடு. ஏறி இறங்க ஒரு இரும்புச் சுருள் படி. நான் காகிதங்களோடு அதில் ஏறிப் போனபோது எனக்கே தலை சுற்றியது. அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“டை கட்டின தம்பி நீதானா? குந்து. இந்தாளு பலகயோட வந்துச்சாமே?”

“வந்தாரும்மா.”

“நான் செத்தா எப்டி எறங்குவேன்னு இந்தாளுக்கு ராப்பகலா ரோசன. உசுரோட கீறப்ப ஒரு தபா கீய இட்டுனு போச்சான்னு கேளு.”

நைனா தன் கால் விரலைப் பார்த்தார். “அதுக்குத்தான வூடு பாக்கறேன்.”

“சும்மா டபாய்க்காத.”

படங்களை விரித்துக் காட்டினேன். நைனாவின் விரல் மாடர்ன் மேல் போய் நின்றது. “இதுல வளவு இல்ல, நெளிவு இல்ல. லிஃப்ட மட்டும் மாத்திட்டா நேரா வந்து நேரா போலாம்.”

“நேரா போறதுக்கு இப்ப இன்னா அவசரம்?” என்றார் அந்த அம்மா. “தோ பாரு, பிரிஜ்ஜ நிக்க வெச்சா மாதிரி கீது. ஐஸ் கம்பெனிக்கு மேல இருந்தது போதாதா, பிரிஜ்ஜிக்குள்ள வேற போணுமா? எனக்குத் தூணு கீற வூடுதான் வோணும்.”

சின்ன வயதில் அவர் தன் அம்மாவோடு மீன் கூடை சுமந்து பாரிஸ் கார்னர் பக்கம் போவாராம். பாங்கி, கோர்ட்டு, ஆபீஸ் எல்லாம் தூண் தூணாக நிற்கும். “வாச்மேன் உள்ள உட மாட்டான். ஓடிப்போயி தூண ஒரு தட்டு தட்டிட்டு ஓடியாந்துருவேன்” என்று சொல்லி, நல்ல கையால் படத்திலிருந்த தூணை ஒரு தட்டுத் தட்டினார். விற்பனைப் பயிற்சியில் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிளாசிக்குக்கு இதைவிட நல்ல காரணத்தை யாரும் சொல்லவில்லை.

லிஃப்டை மாற்ற எங்கள் எம்.டி. ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் பொண்டாட்டிக்காக டவரை மாற்றுவதா என்று என்னைத் திட்டினார். அப்புறம் அந்த டிசம்பரில் கடல் வந்தது.

அதைப் பற்றி எனக்கு எழுத வராது. நைனாவின் ஐஸ் எதுவும் படகுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிற்று என்று மட்டும் தெரியும். பலகை போதவில்லை என்று அவர் ஆட்கள் சொன்னார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ரொம்ப நாளைக்கு எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

எங்களிடம் பதிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ரத்து செய்தார்கள். ‘ஜன்னலைத் திறந்தால் கடல்’ என்ற பெரிய போர்டை எம்.டி. இரவோடு இரவாக இறக்கச் சொன்னார். நான் டையைக் கட்டிக்கொண்டு ஈ ஓட்டினேன். அப்போதுதான் நைனா மறுபடி வந்தார், பலகையோடு.

“உங்களுக்குப் பயமா இல்லையா நைனா?”

“அன்னிக்கு மூணாவது மாடில இருந்ததாலதான் அவ பொயச்சா. இன்னும் மேல போனா நல்லதுதான?”

வேறு ஒரு ஆள்கூட வராத நிலைமையில் எம்.டி.க்கு நைனா தெய்வமாகத் தெரிந்தார். ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டார். இளைஞன், நல்ல பையன், எப்போதும் பென்சிலைக் காதில் வைத்திருப்பான். லிஃப்டை அந்த நீளத்துக்கு இழுத்தால் கீழே ஒரு தூண் இடம் மாறும், லாபியின் அழகு கெடும் என்று அவன் தயங்கினான்.

“மாத்துய்யா” என்றார் எம்.டி. “தூணுதானே? நம்மகிட்ட இல்லாத தூணா?”

கட்டடம் எழும்பியது. நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கல்லு மண்ணுக்கு நடுவே சுற்றி வருவார். கிளாசிக்குக்குத் தூண்கள் லாரியில் வந்தன. பாதி பாதியாக, தோல் மாதிரி. இரண்டு பாதியை ஒட்டினால் ஒரு தூண். பக்கத்தில் மாடர்ன்காரர்கள் கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் தூணை ஒட்டினோம். நைனா விரல் முட்டியால் ஒன்றைத் தட்டினார். டொம் என்றது.

“ஐகோர்ட்டு தூணு கேட்டா, டிராமா செட்டு தூணு குட்துகீறியே தம்பி.”

“அம்மா தட்டிப் பாக்க மாட்டாங்க நைனா.”

“தட்டுவா. அவளுக்கு அதான வேல” என்றார். கிளம்பும்போது, “அவகிட்ட சொல்லிக்காத” என்றார்.

லிஃப்டு ஓட ஆரம்பித்த அன்று பலகை வந்தது. லாபி அப்போது வெறும் மைதானம். சுவர் எதுவும் எழும்பவில்லை. தெருவிலிருந்து நேராகப் பலகையை லிஃப்டுக்குள் கொண்டுபோனார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. நைனா அதன்மேல் ஏறிப் படுத்து, கையைக் கட்டிக்கொண்டு, “உச்சி வரிக்கும் போய்ட்டு வரேன்” என்றார். கதவு மூடியது. திரும்பி வந்து கதவு திறந்தபோது, சிமெண்டுச் சட்டியோடு காத்திருந்த சித்தாள் பெண், கண்ணை மூடிச் சிரித்த முகமாக ஒரு ஆள் கிடப்பதைப் பார்த்து அலறிய அலறல் மாடர்ன் டவர் வரை கேட்டது.

குடிபோன அன்று அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு ஐஸ் ஆட்கள் சுருள் படியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் உட்கார்ந்து இறங்கலாம், அதில் தப்பில்லை என்பது நைனாவின் சட்டம். புதுக் கட்டடத்து வாசலில் சக்கர நாற்காலிக்கு மாற்றினோம். வாச்மேன் சல்யூட் அடித்தான்.

“உள்ள உடுவியாப்பா?” என்று அவனைக் கேட்டார் அந்த அம்மா. அவன் திருதிருவென்று விழித்தான். ஒவ்வொரு தூணாக நிறுத்தச் சொல்லி, நல்ல கையால் ஒரு தட்டு. டொம். டொம். தட்டி முடித்துவிட்டு நைனாவைப் பார்த்தார். நைனா லிஃப்டைப் பார்த்தார். அவசரத்தில் நாங்கள் ஒரு தூணைத் தட்டாமல் தாண்டிவிட்டோம்.

ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் அந்த அம்மா அங்கே இருந்தார். பால்கனியில் உட்கார்ந்து, எந்தப் படகு யாருடையது என்று மேலேயிருந்தே சொல்வார். நான் அப்போது கட்டடத்துக்கு மேனேஜர் ஆகியிருந்தேன். விற்க வேண்டியது விற்காததால் டையைக் கழற்றச் சொல்லிச் சாவிக்கொத்தைக் கொடுத்திருந்தார்கள். எடை ஏறக்குறைய ஒன்றுதான். குடியிருப்போர் சங்கம் ஒரு சுற்றறிக்கை போட்டது: காம்பவுண்டுக்குள் மேளம், பட்டாசு கூடாது, இறுதிப் பயணத்துக்குத் தயவுசெய்து சர்வீஸ் லிஃப்டைப் பயன்படுத்தவும். அதை நைனாவிடம் கொடுக்க வேண்டியவன் நான். படித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்தார். “இறுதிப் பயணமாம். டிக்கெட்டு யாரு கீசுவான், நீயா?” என்று கேட்டார்.

ஒரு நாள் விடியற்காலையில் அந்த அம்மா போய்விட்டார்.

ஐஸும் பலகையும் சர்வீஸ் லிஃப்டில் ஏறின. சாமான்தானே. மதியத்துக்கு மேல் பூ வண்டி கேட்டுக்கு வெளியே ரோட்டில் வந்து நின்றது. சாவு மேளக்காரர்கள் மேளத்தைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, உடம்பு கேட்டைத் தாண்டட்டும் என்று அங்கேயே குத்துக்காலிட்டு இருந்தார்கள். சங்கச் செயலாளர் லாபிக்கு வந்தார். நைனாவின் முகத்தைப் பார்த்தார். போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் மெயின் லிஃப்டைச் சாவி போட்டு நிறுத்தி வைத்தேன்.

பலகை உள்ளே வந்தது. நைனா தலைமாட்டில். லிஃப்டுக் கண்ணாடியில் அந்த அம்மா படுத்தபடி இறங்கினார், கொஞ்சமும் சாயாமல். இதற்காக ஒரு மனுஷர் எத்தனை வருஷம் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்று எனக்குத் தெரியும். கதவு திறந்தது. வெளியே வந்தோம். இடது பக்கம் திரும்பினால் வாசல்.

பலகை திரும்பவில்லை.

லாபியில் பிற்பாடு சுவர் எழும்பியிருந்தது. ஒரு பக்கத்தை நகைக்கடைக்கென்று வெட்டிக் கொடுத்திருந்தார் எம்.டி. மிச்சமிருந்த வழி குறுகிப்போய், சரியாகத் திருப்பத்தில், நடுவே ஒரு தூண். இரண்டு பக்கமும் ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். தினமும் எல்லாரும் அதைச் சுற்றித்தான் போனோம், வந்தோம். சக்கர நாற்காலியும் சுற்றித்தான் போயிற்று. இத்தனை வருஷமும் நைனா படியைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார். அவர் பார்த்த வீடுகளிலெல்லாம் கடைசிப் படிக்கு அப்புறம் தெரு. நடுவில் லாபி என்று ஒன்று வந்து மறிக்கும் என்று ராயபுரத்தில் யாருக்குத் தோன்றும்?

சாய்த்துப் பார்த்தார்கள். பின்னால் போய் வந்து பார்த்தார்கள். பலகையின் முனை தூணிலேயே இடித்தது. ஐஸ் ஆள் ஒருவர், “நைனா, கடப்பார எட்த்தாரேன். டொம்முன்னு போடுவோம். உள்ள ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன” என்றார்.

நைனா தலைமாட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, விரல் முட்டியால் தூணைத் தட்டினார். சத்தமே வரவில்லை. இன்னொரு இடத்தில் தட்டினார். முட்டியில் தோல் போயிற்று.

“இது நெசம்” என்றார்.

லிஃப்டை இழுப்பதற்காக இடம் மாற்றிய தூண் அதுதான். அத்தனை பொய்த் தூணுக்கும் நடுவே அதே பூவும் இலையும் போட்டுக்கொண்டு, மொத்தக் கட்டடத்தையும் தாங்கி நின்றது.

நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன். “நைனா, பின்னாடி வயி நேரா கீது. படுத்த மேனிக்கே போலாம்.”

“குப்ப ரூமத் தாண்டித்தான?”

“காலைலயே கழுவி உட்டுட்டேன் நைனா. பினாயில் போட்டு.”

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “தூணப் பாத்துகினு வந்தவ” என்றார். “வாசல் வயியாதான் போவா.”

பலகையைத் தரையில் இறக்கச் சொன்னார். மாலையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஐஸில் கிடந்த உடம்பு, மடங்காது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுக்க வந்தார்கள்.

“கைய எடுங்கடா.”

அவரே தூக்கினார். இடுப்பைச் சேர்த்து அணைத்து, நிமிர்த்தி, அந்த அம்மாவின் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பாதம் தரையில் படாமல் தன் பாதத்தின்மேல் ஏற்றிக்கொண்டார். ஐஸ் தண்ணீர் அவர் சட்டையில் இறங்கியது.

“அவ நிக்கல” என்று எங்களிடம் சொன்னார். “நாந்தான் நிக்கறேன்.”

ஒரு அடி வைத்தார். தூணை ஒட்டிப் பக்கவாட்டில் இன்னொரு அடி. நான் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கார் நிறுத்துமிடத்திலிருந்து வயதான ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். வீடு பார்க்க வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது என் நினைவிலேயே இல்லை. நைனாவின் முதுகும், அந்தத் தோளில் சாய்ந்த நரைத்த தலையும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பெரியவர் தன் மனைவியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, வழி விட்டார்.

“அவசரமே இல்ல சார்” என்றார். “மெதுவா, பாத்துக் கூட்டிட்டுப் போங்க.”

நைனா நின்றார். திரும்பவில்லை.

“ஆமா சார்” என்றார். “மெதுவாதான் இட்டுனு போறேன்.”